பூண்டு என்னுடையது, வழக்கு யாருடையது? – சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கொடைக்கானல் மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில், நிலத் தகராறுகளைக் காட்டிலும் காவல் நிலையம், சம்மன், ஜாமீன் ஆகியவை பற்றிய கேள்விகளே மிகுதியாக இருந்தன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் குற்றவியல் சட்டத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. சிறிய ஊர்களில் முதலெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பதில்களுக்குள் நுழையுமுன் ஒரு விளக்கம். 2024 ஜூலை 1 முதல், 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவும், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியமும் நடைமுறையில் உள்ளன. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதை முதலாவது சொல்கிறது; புகார் முதல் தீர்ப்பு வரை எப்படி நடக்க வேண்டும் என்பதை இரண்டாவது சொல்கிறது; எதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்பதை மூன்றாவது சொல்கிறது. கீழே முதலாவதை நியாய சன்ஹிதா என்றும் இரண்டாவதை நடைமுறைச் சட்டம் என்றும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். பிரிவு எண்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. ஏமாற்றுப் பேர்வழியை ‘420’ என்று திட்டும் பழக்கம் நம்மை விட்டுப் போகாது. ஆனால் நியாய சன்ஹிதாவில் மொத்தமே 358 பிரிவுகள்தான், மோசடி இப்போது 318ஆம் பிரிவில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் விதைக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த மலைப்பூண்டில் பதினைந்து கிலோ களவு போயிற்று. ஏறக்குறைய 4,500 ரூபாய் பெறும். ஆத்திரத்தில் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிடிபட்டவன் என் நாத்தனாரின் மகன், பத்தொன்பது வயது, இதற்கு முன் எந்த வம்பு தும்புக்கும் போனவன் அல்லன். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து, பணமும் கைக்கு வந்துவிட்டது. வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று போய்ச் சொன்னால், இனி அது உங்கள் கையில் இல்லை என்கிறார்கள். பூண்டு என்னுடையது, புகாரும் என்னுடையது. வழக்கு மட்டும் யாருடையது? – பூம்பாறை வாசகி

பதில்: அம்மா, வழக்கு அரசாங்கத்தினுடையது. உங்கள் நிலத்தின் வரப்பை ஒருவர் வெட்டிச் சேர்த்துக்கொண்டால், நீங்கள் வாதியாக உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறீர்கள். அந்த வழக்கை நீங்களே தொடுக்கலாம், நீங்களே முடித்துக்கொள்ளலாம். திருட்டு அப்படிப்பட்டதன்று. உங்கள் கொட்டகைக்குள் புகுந்த கை நாளை வேறொருவர் கொட்டகைக்குள்ளும் புகும் என்பதால், அதை ஊருக்கே இழைத்த தீங்காகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. குற்றப்பத்திரிகையின் நகல் கையில் கிடைத்தால் பாருங்கள்: ஒரு பக்கம் அரசுக்காகக் காவல் ஆய்வாளர் என்று இருக்கும், மறுபக்கம் அந்தப் பையனின் பெயர் இருக்கும். உங்கள் பெயர் சாட்சிகளின் பட்டியலில், பெரும்பாலும் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி என்ற இடத்தில் இருக்கும். புகார் கொடுத்தவர் வாதி அல்லர், சாட்சி என்ற இந்த ஒன்று விளங்கிவிட்டால், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நமக்குப் புரியாமல் போகும் பலவும் விளங்கிவிடும். இது சில வேளைகளில் கொடுமையாகத் தோன்றினாலும், இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. வாபஸ் வாங்கும் உரிமை பறிகொடுத்தவரிடமே இருந்திருந்தால், பணமும் ஆள்பலமும் உள்ளவர்கள் ஒவ்வொரு வழக்கையும் புகார்தாரரின் வீட்டு வாசலிலேயே முடித்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் வழக்குக்கு வருவோம். இதில் பூண்டு எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். காட்டில், அதாவது விளைந்த நிலத்திலேயே குவித்து வைத்திருந்த பூண்டை எடுத்திருந்தால் அது நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி சாதாரணத் திருட்டு. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. அதிலும் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சிறை கிடையாது, சமுதாயப் பணி மட்டுமே தண்டனை. இது புதிய சட்டத்தில் சேர்ந்த நல்ல ஏற்பாடுகளில் ஒன்று என்பது என் எண்ணம். அத்தகைய சிறு திருட்டில் நடுவரின், அதாவது மாஜிஸ்திரேட்டின், உத்தரவு இல்லாமல் காவல் துறை புலன் விசாரணையே தொடங்க முடியாது. ஆனால் உங்கள் பூண்டு கொட்டகையில் இருந்திருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் மட்டுமல்லாமல், பொருளைப் பாதுகாத்து வைக்கும் எந்தக் கட்டடத்தில் திருடினாலும் அது 305ஆம் பிரிவுக்குள் போய்விடும். அதற்குத் தண்டனை 7 ஆண்டு வரை. மதிப்பு 4,500 ரூபாய்தானே என்ற சலுகை அங்கே இல்லை. உங்கள் புகாரின்மேல் முதல் தகவல் அறிக்கை பதிவானதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். அறிக்கையின் நகலில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

303ஆம் பிரிவானால், சமரசம் செய்துகொள்ளச் சட்டமே வழிவிடுகிறது. நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவில் எந்தெந்தக் குற்றங்களை யார் சமரசம் செய்துகொள்ளலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. திருட்டில் அந்த உரிமை பொருளின் சொந்தக்காரருக்கு, அதாவது உங்களுக்கு உண்டு. நடுவரின் முன்னிலையில் இருவரும் சமரசத்தைத் தெரிவித்து அது பதிவாகிவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆனதற்குச் சமம். ஊர்க்கூட்டத்தில் எழுதிக் கையெழுத்திட்ட தாளும், காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்ன சொல்லும் அந்த வேலையைச் செய்யா. 305ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் இருவரும் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுச் செய்து, சமரசத்தைக் காட்டி, நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவின்படி வழக்கை ரத்து செய்யக் கோரலாம். தனிப்பட்ட தன்மையுள்ள, சமூகத்தைப் பெரிதும் பாதிக்காத குற்றங்களில் உயர் நீதிமன்றங்கள் இப்படிச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கியான் சிங் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு இந்தக் கதவு திறக்காது. அவற்றை ஊரில் பேசி முடிக்க முயல்பவர்கள் தாங்களே சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள்.

மதுரைக்குப் போய்வரும் செலவு பூண்டின் விலையை விடப் பல மடங்கு ஆகும் என்று நீங்கள் எண்ணலாம். அப்படியானால் வழக்கு கொடைக்கானலிலேயே நடக்கட்டும். பையனுக்கு 21 வயது நிறையவில்லை என்பதால், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அவனுக்குப் பெரிய துணை. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதை அந்தச் சட்டம் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. வீட்டில் புகுந்த திருட்டாக இருந்தாலும், முன்பு தண்டனை பெறாதவர் என்றால் கண்டித்து விட்டுவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவ்வாறு விடப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வரும் தகுதி இழப்பும் இல்லை என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அவனுடைய வழக்கறிஞர் இதை நடுவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்; நன்னடத்தை அலுவலரிடமிருந்து அறிக்கையும் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சாட்சிக் கூண்டில் ஏறி, ‘பூண்டே களவு போகவில்லை, காவலர்கள் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று சொல்லும்படி உறவினர்கள் வற்புறுத்தக்கூடும். உறவைக் காப்பாற்றப் பலரும் எடுக்கும் வழி இது. பொய்ச் சாட்சியம் நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். நடந்ததைச் சொல்லுங்கள், பணம் திரும்ப வந்ததையும் சொல்லுங்கள், பையனை மன்னித்துவிட்டதையும் சொல்லுங்கள். இந்த மூன்றும் தண்டனையை முடிவு செய்யும்போது கணக்கில் வரும். தமிழ் நீதிமன்ற ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றே எழுதுவார்கள்; நாத்தனார் மகனை அப்படி அழைத்துக் கேட்க உங்களுக்கு மனம் வலிக்கும். அது வெறும் நீதிமன்ற வழக்குச் சொல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் மலைப் பேருந்தில் ஏறும் நெரிசலில் என் பையையும் கைபேசியையும் யாரோ எடுத்துவிட்டார்கள். மதிப்பு 12,000 ரூபாய். வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனால், நடந்தது கீழே, அங்கே போய்க் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். – கீழ்மலை வாசகர்

பதில்: அனுப்பியது தவறு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு இப்போது வெளிப்படையாகவே சொல்கிறது. பூஜ்ய எண்ணிட்டு முதல் தகவல் அறிக்கை பதிந்து, அதை உரிய நிலையத்துக்கு அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு. மலையிறங்கி அலைய வேண்டியவர் நீங்கள் அல்லர். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட்டால்தான் அது பதிவுக்கு வரும்.

உங்கள் கடிதத்தோடு ஒரு ரசீதின் நகலை வைத்திருக்கிறீர்கள். அது முதல் தகவல் அறிக்கை அன்று. சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் மனு ரசீது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. மனு ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் தகவல் அறிக்கையில் குற்ற எண், ஆண்டு, பிரிவு ஆகியவை இருக்கும். அதன் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலிருந்தே தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து முடிவெடுக்கப் புதிய சட்டம் இடம் தருகிறது.

மறுத்தால், புகாரைப் பதிவுத் தபாலில் திண்டுக்கல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அஞ்சலக ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனுச் செய்யலாம். 175ஆம் பிரிவின்படி விசாரிக்குமாறு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. கண்காணிப்பாளருக்கு அனுப்பிய படியைத் தாண்டிவிட்டு நேரே நடுவரிடம் போகும் மனுக்கள் அந்தக் காரணத்தாலேயே திரும்பிவிடுகின்றன.

கேள்வி: தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் சம்பந்தமாகப் பக்கத்து நிலத்துக்காரருக்கும் என் அண்ணனுக்கும் கைகலப்பு. அண்ணனை மாலையில் அழைத்துப் போனார்கள். ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ என்று சொல்கிறார்கள். இனி அவர் வெளியே வரவே முடியாதா? – மன்னவனூர் வாசகர்

பதில்: முதலில் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள்கள் ஆண்டாண்டு காலமாக எழுதிப் பழகிய ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ என்ற தொடர் மக்களைத் தேவையில்லாமல் அச்சுறுத்துகிறது. சட்டம் சொல்வது வேறு. சில குற்றங்களில் ஜாமீன் உரிமை. காவல் நிலையத்திலேயே கொடுத்தாக வேண்டும். மற்றவற்றில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. நடுவர் வழக்கின் தன்மையைப் பார்த்துக் கொடுக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் அமர்வு நீதிமன்றம், அதற்கும் மேல் உயர் நீதிமன்றம் இருக்கின்றன.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆம் உறுப்பே கொடுத்த காப்பு. கைதான இடத்திலிருந்து நீதிமன்றம் வரையிலான பயண நேரம் மட்டும் இதில் சேராது. மலையில் இந்த விதிவிலக்குக்குப் பொருள் உண்டு. மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அந்த நேரம் கழியும், ஆனால் அதைக் காரணம் காட்டி நிலையத்தில் இரண்டாம் இரவையும் தங்க வைப்பதற்கு அது அனுமதி ஆகாது. கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். விசாரணையின் இடையே தம் வழக்கறிஞரைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு. கைதுக் குறிப்பில் சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று 1996இலேயே டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும்போது உடம்பில் காயம் இருந்தால் மருத்துவரிடமும், பிறகு நடுவரிடமும் அண்ணன் சொல்லத் தயங்கக் கூடாது. நடுவர் கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு ‘ஒன்றுமில்லை ஐயா’ என்று சொல்லிவிட்டு, பின்னர் ஜாமீன் மனுவில் அடித்தார்கள் என்று எழுதினால் அது எடுபடுவதில்லை.

7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது செய்தே ஆக வேண்டிய காரணம் இல்லாவிட்டால், நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி ஆஜராகும்படி அறிவிப்புக் கொடுத்தாலே போதும். கைது என்பது அங்கே விதியன்று. வெறும் கையால் அடித்துச் சிறுகாயம் மட்டும் ஏற்பட்டிருந்தால், அது நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவில் வரும். அதற்குப் பிடியாணை இல்லாமல் கைது செய்யவே முடியாது. மண்வெட்டி, அரிவாள் என்று ஆயுதம் வந்துவிட்டால் பிரிவும் மாறும், நிலைமையும் மாறும். உங்கள் கடிதத்தில் அதை எழுதவில்லை.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் பலர் உள்ளேயே இருப்பதற்குக் காரணம் ஜாமீன்தார்கள். சொத்து உள்ள இருவர் வேண்டும் என்ற நிபந்தனையை, பட்டா நிலம் இல்லாத தோட்டத் தொழிலாளர் எங்கே போய் நிறைவேற்றுவார்? ஜாமீன் உரிமையாக உள்ள குற்றங்களில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரைக் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவர் என்று கருதி அவருடைய சொந்தப் பிணையிலேயே விட வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 478ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. மற்றவற்றிலும் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுச் செய்யலாம். காவல் துறை 60 நாட்களுக்குள், மரணம், ஆயுள் அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றமானால் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் அதற்கும் மனுப் போட்டுக் கேட்க வேண்டும், தானாக வராது.

கேள்வி: எனக்கு வயது 67. மலைப்பாதை வளைவில் கார் ஒன்று இருசக்கர வாகனத்தில் மோதியதைக் கண்ணால் பார்த்தேன். அடிபட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றியும் விட்டேன். இப்போது காவல் நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள். சாட்சி சொல்லப் போனால் ஆயுள் முழுவதும் வாய்தா, வாய்தா என்று அலைய நேருமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். – வில்பட்டி வாசகர்

பதில்: ஐயா, நீங்கள் நிலையத்துக்குப் போக வேண்டியதே இல்லை. 60 வயதைக் கடந்த ஆண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், பெண்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களாக விரும்பிப் போனால் போகலாம். காவலர் உங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்வார். அதில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது, கேட்டாலும் இட வேண்டாம். அந்த வாக்குமூலம் தானாகச் சாட்சியம் ஆகாது. நீதிமன்றத்தில் நீங்கள் மாற்றிச் சொன்னால், ‘அன்று இப்படிச் சொன்னீரே’ என்று மடக்குவதற்கே அது பயன்படும். ஆகவே பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். கார் என்ன வேகத்தில் வந்தது என்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என எண்ணால் சொல்ல முயலாதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அந்த எண்தான். வளைவில் எந்தப் பக்கமாக வந்தது, ஒலிப்பான் கேட்டதா, பனிமூட்டம் இருந்ததா, நீங்கள் எவ்வளவு தொலைவில் நின்றீர்கள் என்பவையே தேவை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழுக்கு எதுவும் இல்லை.

அடிபட்டவரை ஏற்றிவிட்டதற்காக உங்கள்மேல் எந்தப் பொறுப்பும் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 134ஏ பிரிவு உதவி செய்தவரைக் காக்கிறது. நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் மட்டும் தட்டிக்கழிக்காமல் போக வேண்டும். சம்மனை மதிக்காவிட்டால் அடுத்து வருவது வாரண்ட். உங்களை முதலில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் விசாரிப்பார், பிறகு எதிர்த் தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். அன்று உங்களை விசாரிக்காமல் வாய்தா போட்டுவிட்டால், வயதையும் தொலைவையும் சொல்லி, காணொலி வழியாக விசாரிக்கும்படி கேட்கலாம். நடைமுறைச் சட்டத்தின் 530ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது, அனுமதிப்பது நீதிபதியின் பொறுப்பு. சாட்சிக்குப் படி உண்டு. தொகை பெரிதன்று, ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கீழ் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கொடைக்கானலில் நடக்கும் ஒரு குற்றம் எந்த நீதிமன்றத்துக்குப் போகும்? – கொடைக்கானல் கல்லூரி மாணவி

பதில்: குற்றத்தின் கனத்தைப் பொறுத்தது. கொடைக்கானலில் இருப்பது மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். பெயரே சொல்வதுபோல ஒரே நீதிபதி நில வழக்கில் முன்சீப்பாகவும் அடிதடி வழக்கில் நடுவராகவும் அமர்கிறார். முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள ஒரு குற்றத்தை அவர் விசாரிக்கிறார் என்றால், சட்டம் 7 ஆண்டு என்று சொன்னாலும் அவரால் 3 ஆண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. அதற்கு மேல் தேவை என்று கருதினால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். அவருடைய வரம்பு 7 ஆண்டு. சட்டத்தில் உள்ள அதிகபட்சத் தண்டனையும் நீதிமன்றத்தின் அதிகாரமும் வேறு வேறு என்பதைச் சட்ட மாணவர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.

கொலை வழக்கும் முதலில் நடுவரிடம்தான் வரும். ஆனால் அவர் அதை விசாரிக்க முடியாது. ஆவணங்களின் நகல்களைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்து, வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பார். கமிட்டல் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். அமர்வு நீதிமன்றம் எந்தத் தண்டனையும் விதிக்கலாம், மரண தண்டனையை மட்டும் உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். நடுவர் தண்டித்தால் 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அமர்வு நீதிமன்றம் தண்டித்தால் 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில். நம் திண்டுக்கல் மாவட்டம் 2004 ஜூலை 24இல் தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லைக்குள் இருப்பதால் நாம் மதுரைக்குப் போகிறோம். நீலகிரி மாவட்டத்துக்காரர்கள் அதே மேல்முறையீட்டுக்குச் சென்னை வரை போக வேண்டும். அந்த வகையில் பழனி மலைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கேள்வி: சண்டை நடந்தது 2024 மே மாதத்தில். வழக்குப் பதிவானது ஆகஸ்டில். முதல் தகவல் அறிக்கையில் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவையும் புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவையும் கலந்து போட்டிருக்கிறார்கள். இதைக் காட்டி வழக்கை உடைக்கலாமா? – பண்ணைக்காடு வாசகர்

பதில்: முடியாது, அவர்கள் போட்டதுதான் சரி. செயல் நடந்த நாளில் எது குற்றமாக இருந்ததோ அந்தச் சட்டப்படிதான் தண்டிக்க முடியும். ஆகவே குற்றம் பழைய சட்டத்தின் பிரிவில் நிற்கும். 2024 ஜூலை 1க்குப் பிறகு தொடங்கிய விசாரணை என்பதால் நடைமுறை புதிய சட்டத்தின்படி நடக்கும்.

கேள்வி: என் கணவரைத் தாக்கியவர்கள்மேல் வழக்கு நடக்கிறது. அவர்களுக்குப் பெரிய வக்கீல். நான் காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறேன். வக்கீல் வைக்க வசதியில்லை. எங்கள் பக்கம் யார் பேசுவார்கள்? – தாண்டிக்குடி வாசகி

பதில்: இந்த இதழின் முதல் கேள்விக்குச் சொன்னதை இங்கே மறுபக்கமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். வழக்கு அரசுடையது என்பதால் உங்கள் பக்கம் நிற்பவர் அரசு வழக்கறிஞர். நடுவர் நீதிமன்றத்தில் அவரை அரசு உதவி வழக்கு நடத்துநர் என்பார்கள். அவருக்கு நீங்கள் ஒரு காசும் தர வேண்டியதில்லை. ஆனால் அவர் கையில் ஒரே நாளில் பல வழக்குக் கட்டுகள் இருக்கும். சம்மன் வந்த நாளில் காலையிலேயே போய், நீங்கள் எந்த வழக்கின் சாட்சி என்று சொல்லி, உங்கள் வாக்குமூலத்தை ஒருமுறை நினைவூட்டச் சொல்லுங்கள்.

அவருக்குத் துணையாகத் தனி வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்ள, நீதிமன்றத்தின் அனுமதியோடு, பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் நீங்கள் பணம் தேட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத் திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம். தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுங்கள். மலையிறங்க முடியாத நாளில் 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கக் காவல் துறை கடமைப்பட்டிருக்கிறது. அரசுத் தரப்பே வழக்கைத் திரும்பப் பெற முன்வந்தாலும், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அதை அனுமதிக்க முடியாது என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் 360ஆம் பிரிவில் சேர்ந்திருக்கிறது. எதிரிகள் விடுதலையானால், அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் நீங்களே செய்யலாம். காயத்துக்கான மருத்துவச் செலவுச் சீட்டுகளை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அவை மூலச் சீட்டுகள் என்பதால் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். இழப்பீடு கேட்கும்போது அவைதான் தேவைப்படும், எனவே வழக்கறிஞரிடமும் நகல்களையே கொடுங்கள்.